ஒரு சாணும் இரண்டு விரலும்

மாமாவின் ரப்பர் ஷீட் கணக்கு நோட்டு இப்போது என் மேஜையில் கிடக்கிறது. அட்டை கிழிந்து, சட்டைப்பைக்குள் நுழைய நீளவாக்கில் மடித்து மடித்துத் தழும்பு விழுந்த நோட்டு. முன்பக்கங்களில் தேதி, ஷீட் எத்தனை, எடை எவ்வளவு, ஒட்டுப்பால் எத்தனை கிலோ. நடுவில் ஏழு பக்கம் மட்டும் வேறு கணக்கு. இடதுபக்கம் நேரம், எதிரே ஓர் எண். காலை 6, 14. பகல் 11, 16. மாலை 5, 19. ஓரிடத்தில் 29 என்று எழுதி, குறுக்கே அடித்து, பக்கத்தில் 17. பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் என்று யாராவது நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. மாமா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு திறந்து, மதகு அடைத்து, அடிக்கணக்கு எழுதியே கை பழகிப்போனவர். ஆனால் இந்த ஏழு பக்கத்தில் இருப்பது அவருடைய மகனின் மண்டைக்குள் இருந்த அழுத்தம். அலகு, மில்லிமீட்டர் பாதரசம்.

அந்த அழுத்தத்தை அளக்கக் குழாய் வைக்கச் சொன்னவன் நான். அந்த ஆஸ்பத்திரிச் செலவுக்காக மாமா தோட்டத்தில் பாதியை ஒற்றிக்கு வைத்தார். மொத்தச் செலவில் குழாய் ஒரு பங்குதான் என்றாலும், குடும்பத்தில் அதற்குப் பெயர் ‘குழாய்க்கு வச்ச ஒற்றி’. கல்யாண வீடு, சாவு வீடு எங்கே கூடினாலும் யாராவது ஒருவர் இந்தப் பேச்சை எடுத்துவிடுவார்கள். நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். அது தேவைதானா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு நேரான பதில் இல்லாததுதான் காரணம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமா மகன் எனக்கு மச்சினன் முறை, ஆனால் தம்பி என்றுதான் கூப்பிட்டு வழக்கம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவன். விடிவதற்கு முன்பே நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். நெற்றியில் டார்ச் இருந்தால் தலையில் ஹெல்மெட் ஏறாது. அது பைக் கண்ணாடியில் தொங்கும். அன்றைக்கும் தொங்கியது. இரவெல்லாம் மழை பெய்து நனைந்த ரோடு, குலசேகரம் பக்கம் ஒரு வளைவு, குறுக்கே ஒரு நாய். உள்ளூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு திருவனந்தபுரம் கொண்டுபோகச் சொன்னார்கள். 1956 வரை குமரி மாவட்டத்துக்காரர்களான எங்களுக்கு அதுதானே தலைநகரம். உடம்புக்கு வந்தால் எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் அதுதான் தலைநகரம். மார்த்தாண்டம், குழித்துறைப் பாலம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசல் என்று ஆம்புலன்ஸ் போன பாதையைப் பற்றி வேறு ஒரு நாள் எழுதலாம்.

அங்கே ஒரு இளம் டாக்டர் வந்து ஜி.சி.எஸ். 7 என்றார். கண் திறக்கிறானா, பேசுகிறானா, கை காலை அசைக்கிறானா என்று மூன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவது. 1974இல் கிளாஸ்கோவில் இரண்டு டாக்டர்கள் உண்டாக்கிய கணக்கு. முழு மார்க் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு. 8, அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது, உள்ளே ஒரு குழாய் வைத்து அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நல்லது, வீட்டார் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். மாமா என் முகத்தைப் பார்த்தார். “நீ படிச்சவன். நீ சொல்லு மக்கா.” நான் பிளஸ் டூவுக்குப் பௌதிகம் எடுப்பவன். அளந்து பார்ப்பது நல்லது என்று பிள்ளைகளுக்கு இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறவன். வேறு என்ன சொல்வேன்? வைக்கச் சொல்லுங்கள் மாமா என்றேன்.

அணையும் மண்டையும்

மண்டையோடு விரியாத பாத்திரம். உள்ளே இருப்பது மூன்று: மூளை ஏறத்தாழ 80 சதவீதம், ரத்தம் 10, மூளையைச் சுற்றியும் அதன் உள்ளறைகளிலும் நிற்கும் தெளிந்த நீர் 10. ஒன்று பெருத்தால் மற்ற இரண்டில் ஒன்று இடம் விட்டாக வேண்டும். எடின்பரோவில் மன்றோ 1783இல் சொல்லி, கெல்லி 1824இல் உறுதிப்படுத்திய விஷயம் இது. மூளை வீங்கும்போது முதலில் நீர் கீழே முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்கிக்கொடுக்கும், பிறகு சிரைகளில் உள்ள ரத்தம். இரண்டும் ஒதுங்கி முடிந்த பிறகு அழுத்தம் ஏறும் பாருங்கள், அது வேறு வேகம்.

டாக்டர் இதை விளக்கும்போது மாமா கேட்ட முதல் கேள்வி, “உள்ள வரத்து எவ்வளவு சாரே?” டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவு சுரக்கும், எந்த நேரத்திலும் உள்ளே நிற்பது 150 மில்லி, மிச்சம் ரத்தத்தில் கலந்து வடிந்துவிடும் என்றார். மாமா தலையாட்டினார். வரத்து, இருப்பு, வெளியேற்றம். பேச்சிப்பாறை அணைக்கு 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. இதற்கு ‘ஃபுல் லெவல்’ எவ்வளவு என்று அடுத்த கேள்வி. சாதாரணமாக 7 முதல் 15, 20ஐத் தாண்டி நின்றால் மருந்து என்று பதில். 2016இல் வந்த வழிகாட்டுதல்படி 22 என்று பிற்பாடு படித்தேன்.

20 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் தண்ணீர் உயரத்தில் 27 சென்டிமீட்டர். அன்று மாலை வராந்தாவில் உட்கார்ந்து என் கையை வைத்து அளந்து பார்த்தேன். ஒரு சாணும் இரண்டு விரலும். இவ்வளவுதான். 48 அடித் தண்ணீரை நிறுத்திக் காட்டிய மனிதரின் மகன் ஒரு சாண் இரண்டு விரல் தண்ணீருக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்று படுத்திருந்தான்.

அணையை வைத்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்ட மாமாதான் அந்த உவமை எங்கே உடையும் என்பதையும் சொன்னார். அணை மேலே போகப் போக அகலம் கூடும். கடைசி ஒரு அடி ஏறுவதற்கு, அடியில் ஒரு அடி ஏறியதைப்போல எத்தனையோ மடங்கு தண்ணீர் வேண்டும். அதனால் நிறைய நிறைய மட்டம் மெதுவாக ஏறும், ஆளுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். “இது நேர் எதிரால்லா இருக்கு. நெறஞ்ச பொறவு ஒரு ஸ்பூன் தண்ணிக்குத் துள்ளுது.” நான் படித்த எந்தப் பாடத்திலும் அழுத்தம் இப்படி ஏறும் வளைகோட்டை இத்தனை சுலபமாக யாரும் சொல்லவில்லை.

குழாயையும் சொல்லிவிடுகிறேன். வலதுபக்கம், முடி தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னே மண்டையில் சின்னதாக ஒரு துளை. அதன் வழியே மூளையின் உள்ளறைக்குள் மெல்லிய குழாய். வெளியே வந்த குழாயில் ஒரு திருகுகுழாய், அதில் அழுத்தத்தை மின்சைகையாக மாற்றும் ஒரு சின்னக் கட்டை. அது காதுத் துளையின் மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். எண் ஏறி அங்கேயே நின்றால் திருகைத் திறப்பார்கள். காதைவிடக் கொஞ்சம் உயரத்தில் தொங்கும் குப்பியில் நீர் சொட்டும். குப்பியை எந்த உயரத்தில் கட்டுகிறார்களோ அந்த மட்டத்துக்கு மேலே இருப்பது மட்டும்தான் வழியும். அணை நிறைந்தால் மிச்சம் வழியும் மறுகால்தான். முதல் நாள் குப்பியில் இருந்தது செம்பருத்தி ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தது. நாலாம் நாள் கலங்கிய அக்கானி, அதாவது பதநீர், நிறம். மாமா எண்ணை எழுதும்போது நிறத்தை எழுதவில்லை, ஆனால் தினமும் என்னிடம் கேட்பார்.

1960இல் லுண்ட்பெர்க் என்ற ஸ்வீடன்காரர் இப்படி ஒரு குழாயை வைத்து, நோயாளிகளின் அழுத்தத்தை நாள்கணக்கில் விடாமல் பதிவு செய்து காட்டினார். அழுத்தம் ஒரே மட்டத்தில் நிற்காது, திடீரென்று அலையாக எழும்பி, பத்து இருபது நிமிடம் மேலேயே நின்று, தானாக இறங்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இதைப் பற்றிச் சொன்னதும் மாமா ஆச்சரியப்படவில்லை. காற்று அடித்தால் அணையிலும் அளவுகோலில் தண்ணீர் ஏறி இறங்கும், வந்தவுடன் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதக்கூடாது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பேச்சை நான் சரியாகக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் இரவு

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு வெளியே காத்திருப்பவருக்குப் பெயர் பைஸ்டாண்டர். மைக்கில் கூப்பிடுவார்கள். மூன்றாம் இரவு ஒன்றரை மணிக்குத் தம்பியின் பெயரைச் சொல்லி பைஸ்டாண்டரைக் கூப்பிட்டார்கள். மாமா அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். நான் ஓடினேன். மருந்துச் சீட்டு, அவ்வளவுதான். கீழே போய் வாங்கிக்கொண்டு வந்தேன். வழக்கமாகக் கதவிலேயே வாங்கிவிடுவார்கள். அன்று காவலாளி இல்லை, உள்ளே வரை போய்விட்டேன்.

தம்பியின் கட்டிலுக்கு மேலே சிவப்பாக ஓர் எண் மின்னிக்கொண்டிருந்தது. 29. கூடவே டிங் டிங் என்று ஒரு சத்தம். நர்ஸ் அடுத்த கட்டிலில் இருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மருந்தை அங்கிருந்த மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடிவந்து மாமாவை எழுப்பி, “மாமா, 29” என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டை எடுத்து எழுதினார். அத்தைதான் அலறினாள். அந்தச் சத்தத்தில் வராந்தா முழுவதும் எழுந்தது. அத்தையின் தம்பி ஊருக்குப் போன் போட்டார். ஊரில் ஒருவர் இன்னொருவருக்கு, அவர் மற்றொருவருக்கு. இரண்டரை மணிக்கு குலசேகரத்திலிருந்து ஒரு ஜீப் கிளம்பிவிட்டது. அதில் எட்டுப் பேர், உபதேசியார் உட்பட. ஒரு பெரியவர் புது வேட்டி ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு வந்தார் என்பது பிறகுதான் தெரியும். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நர்ஸ் வெளியே வந்தது இரண்டே காலுக்கு. பாலக்காட்டுப் பக்கத்துப் பெண், எங்கள் தமிழும் அவருடைய மலையாளமும் நன்றாகவே ஒத்துப்போகும். “யாரு பறஞ்ஞது 29ன்னு?” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போய்க் காட்டினார். முதுகு துடைத்துப் புரட்டிப் படுக்கவைக்கக் கட்டிலை உயர்த்தியிருக்கிறார்கள். தலை மேலே போய்விட்டது. கம்பத்தில் கட்டிய அந்தச் சின்னக் கட்டை பழைய இடத்திலேயே இருந்தது. காதுக்கும் கட்டைக்கும் நடுவே முக்கால் சாண் வித்தியாசம். அந்த முக்கால் சாண் தண்ணீரின் எடையும் சேர்ந்துதான் 29. கட்டையைக் காது மட்டத்துக்கு ஏற்றியதும் 17.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 16 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 12 மில்லிமீட்டர் பாதரசம். பதினொன்றாம் வகுப்பில் நானே போடச்சொல்லும் கணக்கு. எங்கள் வீடு கட்டும்போது கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து இரண்டு சுவருக்கும் மட்டம் பார்த்தபோது, இதுதான் பௌதிகம் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியவன் நான். தம்பியின் தலையிலிருந்து வந்ததும் அதே டியூப்தான்.

ஆனால் என் மனத்தில் தங்கிப்போனது கணக்கு இல்லை. அந்த நர்ஸ் செய்த வேலைகளின் வரிசை. சத்தம் கேட்டதும் அவர் முதலில் தம்பியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார், இரண்டு கண்மணியும் சுருங்குகிறதா என்று. அடுத்து நாடி, ரத்த அழுத்தம். நாடி மெதுவாகி ரத்த அழுத்தம் ஏறினால் அது கெட்ட அறிகுறி. பிறகு கழுத்து, தலை ஒருபக்கம் திரும்பிச் சிரை நசுங்கினாலே அழுத்தம் ஏறும். கட்டையின் மட்டத்தைச் சரிபார்த்தது இவற்றுக்குப் பிறகு. திரையில் இருந்த எண்ணை அவர் கடைசியாகத்தான் பார்த்தார். நான் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவந்துவிட்டேன், தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். நோட்டில் 29ஐக் குறுக்கே அடித்தார். 17 எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைத் திட்டும் குரலில் இல்லாமல், “மொதல்ல கோலு நேரா நிக்குதான்னு பாக்கணும் மக்கா. தண்ணிய அப்பறம் பாக்கலாம்” என்றார். நாலு மணிக்கு ஜீப் வந்து சேர்ந்தது. வந்ததற்கு உபதேசியார் ஜெபம் பண்ணினார். எல்லோருக்கும் கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தேன், என் செலவில்.

பொலிவியா, ஈக்வடார்

தம்பி வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த ஆய்வைப் பற்றித் தெரியவந்தது. சொன்னவர் ஒரு சொந்தக்கார டாக்டர், ஒரு கல்யாணப் பந்தியில், அவியலுக்கும் புளிசேரிக்கும் நடுவே. “அந்த மானிட்டர் வச்சாலும் வைக்காட்டாலும் ஒண்ணுதான்னு ஸ்டடி இருக்கே அண்ணா” என்றார். எதிர்வரிசையில் மாமா உட்கார்ந்திருந்தார்.

தேடிப் படித்தேன். 2012இல் வெளிவந்த ஆய்வு. பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் உள்ள ஆஸ்பத்திரிகளில், தலையில் கடுமையான காயம்பட்ட 324 பேர். சீட்டுப் போடுகிற மாதிரி இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மண்டைக்குள் கருவி வைத்து, அந்த எண்ணைப் பார்த்துச் சிகிச்சை. மற்றதற்குக் கருவி இல்லை. கண்மணி, உடலசைவு, சி.டி. ஸ்கேன் இவற்றைப் பார்த்துச் சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 39 சதவீதம், இரண்டாவதில் 41. பிழைத்தவர்களின் நிலையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கருவி வையுங்கள் என்று வழிகாட்டுதல் எழுதிய குழுவில் இருந்த டாக்டர் செஸ்நட்தான் இந்த ஆய்வையும் நடத்தினார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். பணக்கார நாட்டில் இந்த ஆய்வைச் செய்திருக்கவே முடியாது. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவருக்கு வைக்காமல் விட யார் ஒப்புவார்கள்?

படித்த அன்று எனக்கு அந்த ஒற்றிதான் ஞாபகம் வந்தது. அதோடு அந்த வராந்தாவில் எங்கள் பக்கத்தில் பாய் விரித்திருந்த அக்காவும். அவருடைய கணவர் தென்னையிலிருந்து விழுந்தவர், அருமனைப் பக்கம். அவர்களிடமும் குழாயைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்த அக்கா முடியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கணவருக்கு ஸ்கேன் திரும்பத் திரும்ப எடுத்தார்கள், மணிக்கொரு தடவை கண்ணில் டார்ச் அடித்தார்கள், மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் பாட்டில் ஏற்றினார்கள். அந்த மருந்து குளிரில் கல்கண்டு மாதிரி உறைந்துவிடும், பாட்டிலைச் சுடுதண்ணீரில் போட்டுக் கரைத்து ஏற்றுவதை நானே பார்த்தேன். அவர் எங்களுக்கு நாலு நாள் முன்பே வார்டுக்குப் போனார். மறுபக்கத்துக் கட்டிலில் ஒரு கல்லூரிப் பையன். அவனுக்குக் குழாய் இருந்தது. அவனுடைய எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தும், போய்விட்டான்.

பிறகு அந்த ஆய்வையே இன்னொரு தடவை நிதானமாகப் படித்தேன். பந்தியில் டாக்டர் சொன்னது சரி, ஆனால் அதுதான் முழுக்கதை என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கருவி வைக்காத கூட்டத்தை அங்கே சும்மா விட்டுவிடவில்லை. குறித்த நேரத்தில் ஸ்கேன், குறித்த நேரத்தில் பரிசோதனை, வீக்கம் தெரிந்தால் மருந்து என்று எழுதிவைத்த ஒழுங்குப்படி கவனித்தார்கள். அழுத்தம் எவ்வளவு என்று தெரியாததால் மூளை வீக்கத்துக்கான சிகிச்சையைக் கூடுதல் நாட்கள் கொடுக்க வேண்டியிருந்தது. கோல் இல்லாத அணையில் கரையின் ஈரத்தைப் பார்த்து மதகு திறப்பது மாதிரி. திறக்கத் தெரிந்த ஆள் கூடவே நின்றால் அணை நிற்கும். கொஞ்சம் தண்ணீர் வீணாகும்.

இன்றைக்கு யாராவது என்னிடம் வந்து கேட்டால் குழாய் வைக்கச் சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: ராத்திரி இந்த அறையில் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்? அன்று கையெழுத்துப் போடும்போது கருவியின் விலையைக் கேட்டேன், எந்த நாட்டுச் சரக்கு என்றுகூடக் கேட்டேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை. டிங் டிங் என்று சத்தம் வரும்போது அடுத்த கட்டிலிலிருந்து எட்டு வைத்து வர ஓர் ஆள் இல்லையென்றால், அந்தத் திரையும் என்னைப்போல ஒரு பைஸ்டாண்டர்தான்.

தம்பி இப்போது தோட்டத்துக்குப் போகிறான். பால்வெட்டு இல்லை, கத்தி பிடிக்கும் கையில் இன்னும் நடுக்கம் இருக்கிறது, பட்டையைக் காயப்படுத்திவிடுவான். ஷீட் அடிப்பதும் காயப்போடுவதும் எண்ணுவதும் அவன் வேலை. முன்கோபம் வருகிறது, முன்பு கிடையாது. ஹெல்மெட் போடுகிறானா என்று கேட்காதீர்கள், பைக்கை மாமா விற்றுவிட்டார். ஒற்றி இன்னும் மீளவில்லை.

குழாயை எடுத்த அன்று மாமா நோட்டில் எண் எழுதவில்லை. ‘காலை 10. மதகு அடைப்பு’ என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு எட்டு மாதத்துக்கு எதுவும் இல்லை. அடுத்த பக்கத்தில் தொடங்குவது தம்பியின் கையெழுத்து. வரிகள் வலப்பக்கம் போகப் போகச் சரிந்து இறங்குகின்றன. தேதி, ஷீட், எடை. முதல் வரியில் ஷீட் 14 என்று எழுதியிருக்கிறான். எடையைப் பார்த்தால் அது 41ஆகத்தான் இருக்க வேண்டும். மாமா அதை அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால், சின்னதாக, 41 என்று எழுதி வைத்திருக்கிறார்.